சோழகங்கமும் தோட்டத்துக் கரகமும்

1991-ஆம் ஆண்டு, நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது என் தந்தையார் காலமானார். சாம்பலைக் கோலகங்சாருக்கு அருகே பேராக் ஆற்றில் கரைத்தோம். எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், கலயத்து நீரில் மஞ்சளும் பூவும் இட்டுக் கங்காதேவியை அழைத்துச் சடங்கைத் தொடங்கினார். என் தாய்மாமன் என் காதோரம் குனிந்து, "ஏன் மாப்பிள்ளை, இது பேராக்குதானே? இதில் கங்கை எங்கிருந்து வந்தாள்?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. காசிக்கு அனுப்ப வசதியில்லையே என்ற மனக்குறை அவருக்கு. படித்துக்கொண்டிருந்த எனக்கு விடை தெரியவில்லை. அக்கேள்வியைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் அறிந்துகொண்டதை ஈண்டு எழுதுகின்றேன்.

கங்கை மண்ணுக்கு வந்த வரலாற்றை வான்மீகியும் கம்பரும் பாலகாண்டத்தில் கூறுகின்றனர். சகரன் என்னும் வேந்தனின் வேள்விக் குதிரையைத் தேடி அவன் மைந்தர் அறுபதினாயிரவர் நிலத்தை அகழ்ந்து பாதாளம் சென்றனர். அங்கே கபில முனிவரின் சினத்தால் வெந்து சாம்பலாயினர். நீர்க்கடன் செய்ய ஆளின்றி அச்சாம்பல் கிடந்தது. பேரன் அம்சுமானால் கங்கையைக் கொணர இயலவில்லை. அவன் மகன் திலீபனாலும் இயலவில்லை. திலீபன் மகன் பகீரதனே அருந்தவம் புரிந்து கங்கையை இறக்கினான். சிவபெருமான் அவளைச் சடையில் தாங்கி விடுத்தார்; பகீரதன் முன்னே செல்ல, அவள் பின்னே தொடர்ந்து சாம்பல் கிடந்த இடத்தை அடைந்தாள்.

இக்கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பகீரதனின் விடாமுயற்சியைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகிறோம். நான் கருதுவது வேறொன்று. அச்சாம்பலை யாரும் கங்கைக்கு எடுத்துச் செல்லவில்லை. சாம்பல் கிடந்த இடத்திற்கே கங்கை வந்தாள். ஊரை விட்டு நெடுந்தொலைவு போய், அங்கேயே மாண்டு, கடன் செய்வாரின்றிக் கிடந்தவர்களைத் தேடி ஓர் ஆறு நடந்தது என்பதே கதையின் உட்பொருள். புராணம் கங்கையை முதன்முதலில் காட்டும்போதே இடம் பெயரும் நதியாகத்தான் காட்டுகிறது.

வேதகாலத்திலேயே இப்பெயர்ச்சியின் சுவடு உண்டு. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து நதிப் பாடல் கங்கையை முதலில் பெயர் சொல்லி அழைத்தாலும், புகழ்வதெல்லாம் சிந்துவையே. பிற பாடல்களில் மேன்மை பெறுபவள் சரசுவதி. மக்கள் கிழக்கே குடிபெயர்ந்த பின்னரே கங்கைக்கு முதன்மை வந்தது. தெற்கே வந்தால், ஐப்பசித் திங்களில் கங்கையே மயிலாடுதுறைக்கு வந்து காவிரியில் மூழ்கித் தன் பாவச் சுமையைக் கழுவிக்கொள்கிறாள் என்பது நம்மவர் நம்பிக்கை. பிறர் பாவத்தைச் சுமந்த கங்கைக்கும் ஒரு கங்கை வேண்டியிருக்கிறது போலும்!

நிற்க. கங்கையைத் தமிழ் நாட்டிற்கு உண்மையாகவே சுமந்து வந்த நிகழ்ச்சியொன்று வரலாற்றில் உண்டு. முதலாம் இராசேந்திர சோழனின் படை 1023-ஆம் ஆண்டை ஒட்டி வடக்கே சென்று கங்கைக் கரை வரை வென்றது. 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளின் வடமொழிப் பகுதி இதனை விரிவாகக் கூறுகிறது. தோற்ற மன்னர்கள் கங்கை நீரைச் சுமந்து வர, சோழன் கோதாவரிக் கரையில் தன் தண்டநாயகனை எதிர்கொண்டானாம். செப்பேட்டை அப்படியே ஏற்றால், 'கங்கைகொண்டான்' கங்கையை நேரில் கண்டவனல்லன்!

அந்நீரைக் கொண்டு அவன் செய்ததுதான் வியப்பு. வென்ற எல்லையில் கல்லால் வெற்றித்தூண் நாட்டுவது பேரரசர் வழக்கம். இவனோ தன் புதிய தலைநகராகிய கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்துச் 'சோழகங்கம்' என்னும் பேரேரியை அமைத்தான். கங்கை நீரே வடிவாகிய வெற்றித்தூண் என்று செப்பேடு அதனைப் போற்றுகிறது. இன்று அது பொன்னேரி எனப்படுகிறது. இங்கே ஆசிரியனுக்குரிய கணக்கொன்று போட்டுப் பார்த்தேன். மன்னர் தலையில் வந்த நீர் எத்தனை குடம் இருக்கும்? சில நூறு என்றே வைத்துக்கொள்வோம். பல கல் நீளக் கரை கொண்ட ஏரியை அது நிரப்பாது. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் வந்த கால்வாய்களே அவ்வேரியை நிரப்பின என்பர். கொள்ளிடம் காவிரியின் கிளை. ஆகவே சோழகங்கத்தில் பெயர் கங்கையுடையது; நீரிற் பெரும்பகுதி காவிரியுடையது. நெல்லை விளைவித்ததும் அந்நீரே. எங்கள் பெரியவரின் கலயத்திலும் நடந்தது இதுதானே!

இதே இராசேந்திரன் 1025-இல் கடல் கடந்து கடாரத்தை வென்றான். கடாரம், நம் பேராக்கிற்கு வடக்கே அடுத்துள்ள கெடா. அவனுக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, காவிரிப்பூம்பட்டினத்து அங்காடியில் கங்கைப் பொருளும் காவிரி விளைவும் காழகத்துப் பொருளும் ஒருங்கே குவிந்திருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. காழகம் என்பது கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. 'கடாரங்கொண்டான்' என்று மேடைதோறும் மார்தட்டும் நண்பர்கள் பொறுத்தருள்க: எனக்கு அந்த வெற்றியைவிட இந்த அங்காடியே உவப்பானது. தோற்றவன் தலையில் புனித நீரைச் சுமக்க வைத்தது பக்தியன்று, செருக்கு. மேலும், நம் பாட்டன்மார் இங்கே வந்தது படையோடன்று. பால்மரம் வெட்ட, கங்காணியின் பின்னே, கப்பலின் மேல்தட்டில் வந்தனர்.

இதற்கு மாறான வழியையும் தமிழ் மறை அறியும். இராசேந்திரனுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முன்னே வாழ்ந்த அப்பரடிகள், பாவநாசத் திருக்குறுந்தொகையில், கங்கை, காவிரி, குமரித்துறை, கடல் ஆகியவற்றை ஒரே வரிசையில் நிறுத்துகிறார். இறைவன் எங்கும் உளன் என உணராதார்க்கு இவற்றுள் எதில் மூழ்கியும் பயனில்லை என்பது அவர் துணிவு. இது தீர்த்தத்தை இகழ்வதன்று. இறைவன் எங்கும் உளனாயின், பேராக் ஆற்றை மட்டும் விலக்குவானேன்? இராசேந்திரன் வாழ்ந்த அதே நூற்றாண்டில், காம்போச நாட்டார் அங்கோருக்கு வடக்கே மலையில் ஓர் ஆற்றின் படுகைப் பாறையிலேயே நூற்றுக்கணக்கான இலிங்கங்களைச் செதுக்கினர். அவற்றின்மேல் ஓடித் தூய்மை பெற்ற நீர் கீழே வயல்களுக்குப் பாய்ந்தது. தங்கள் ஆற்றை அவர்கள் அவ்வாறு கங்கையாக்கிக்கொண்டனர்.

சுங்கை சிப்புட் பக்கத்து எங்கள் தோட்டம் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிக்கப்பட்டன. கோயில் மட்டும் ஒரு மூலையில் தப்பியது. ஆடித் திருவிழாவிற்குக் கரகம் பாலிக்கும் ஓடையோ சிமெண்டுக் கால்வாய்க்குள் அடங்கிக் கறுத்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் நிருவாகக் கூட்டத்தில், குழாய் நீரே போதும் என்றனர் இளைஞர் சிலர். அம்மனுக்குக் குழாய் நீரா என்று மூத்த பெண்கள் சினந்தனர். "வாத்தியாரே, நீங்கதான் சொல்லணும்" என்று என்னிடம் விட்டனர்.

சோழகங்கத்தைப் பற்றியும் அப்பரைப் பற்றியும் சொன்னேன். குழாய் நீரிலும் கங்கை வருவாள், குற்றமில்லை என்றேன். பகீரதன் முன்னே நடந்ததையும் சொன்னேன். இளைஞர்கள் சற்று நேரம் தமக்குள் பேசிக்கொண்டனர். பின்னர் அவர்களே இரண்டு லாரிகளுக்கு ஏற்பாடு செய்தனர். கோலகங்சார் ஆற்றுத் துறைக்குச் சென்று கரகம் பாலித்து வந்தோம். துறைக்கு இறங்கும் படிகளில் நான்கு பெயர்ந்து கிடந்ததால், கரகம் எடுத்த அம்மையாரை இருபுறமும் தாங்கி ஏற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஆடிக்குள் அப்படிகளைச் செப்பனிட அனுமதி கேட்டு மனு எழுதும் பொறுப்பு என்னுடையதாகியுள்ளது.