கடல் கடந்து வந்த சுழல்தட்டு

பட்டினப்பாலை பாடிய புலவர் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறார். கடல்வழி வந்த குதிரைகளும் வண்டிவழி வந்த மிளகு மூட்டைகளும் அவ்வரிசையில் உள்ளன. அதை நம் காலம் வரை நீட்டி எழுதப் புகுவோமாயின், பாடும் பெட்டிக்கும் ஓரிடம் தந்தாக வேண்டும். பொன்னும் மணியும் போலவே, இசையும் இந்நாட்டிற்குக் கப்பலேறி வந்ததுண்டு. அதிலும் நம்மவர் பாடிய இசையே அவ்வாறு வந்தது என்பதுதான் வியப்பு.

1877-ஆம் ஆண்டில் எடிசன் ஒலியை உருளையிற் பதித்தார். பத்தாண்டு கழித்து 1887-இல் பெர்லினர் என்பார் தட்டையான இசைத்தட்டைக் கண்டார். 1902-இல் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அப்பதிவுகள் கடல் கடந்து ஜெர்மனியின் ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குச் சென்று, அங்கே தட்டுகளாக அழுத்தப்பட்டு, மீண்டும் இந்நாட்டுத் துறைமுகத்தில் இறக்குமதிப் பொருளாய் இறங்கின. அத்தொழிற்சாலையினர் பாடியவர் யார் என்று அறியும்பொருட்டு, அம்மையார் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே கூறுவார் என்பர். 1908-இல் கல்கத்தாவின் சியால்டாப் பகுதியிலும், பின்னர் தம்தம்மிலும் தொழிற்சாலைகள் எழுந்த பிறகே இந்த நெடும்பயணம் நின்றது. சென்னையில் பாடியவர்களின் தட்டுகள் பல தம்தம்மில் உருவாயின. ஆகவே நம் பாட்டனார் கேட்ட தமிழ்ப் பாட்டிலும் வங்க மண்ணின் உழைப்பு கலந்திருந்தது.

இன்னுமொன்று காண்க. பழைய இசைத்தட்டுக்கு உயிர்ப்பொருள் அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களில் சிறு பூச்சிகள் சுரப்பது அது. பழங்குடி மக்கள் திரட்டிய அரக்கு மேல்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் சென்றது. 1924-இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் நிறுவப்பட்டது. கச்சாப் பொருள் நம்முடையது, குரல் நம்முடையது. இவ்விரண்டையும் சேர்த்த தட்டையே தொடக்கத்தில் நாம் அயல்நாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்கினோம்!

நிமிடத்திற்கு 78 சுற்று சுழன்ற அத்தட்டின்மீது எஃகு ஊசி பெரும்பாரத்துடன் அழுந்திச் சென்றது. பக்கத்திற்கு ஓர் ஊசி மாற்றுதல் வீட்டுப் பிள்ளைகளின் வேலை. 1948-இல் மெல்லிய வரிகளையுடைய நெடுந்தட்டு பிறந்தது. அதன் வேகம் 33⅓ சுற்று. நுண்ணிய வரியில் சில கிராம் எடையுடன் ஊசி மிதந்து செல்ல வேண்டும். சுழற்சியில் சிறிதும் தடுமாற்றம் கூடாது. டர்ன்டேபிள் என்னும் சுழல்தட்டும், ஊசியைத் தாங்கிச் செல்லும் டோனார்ம் என்னும் கையும் தனிக் கலைகளாக வளர்ந்தது இக்காரணம் பற்றியே.

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்துக் காரார்ட் நிறுவனம் 1954-இல் '301' என்னும் சுழல்தட்டை வெளியிட்டது. இசைப்பெட்டி செய்து பெயர் பெற்ற ஸ்விஸ் நாட்டுத் தோரன்ஸ் நிறுவனம் 1957-இல் 'டிடி 124' என்பதை வழங்கியது. சிறு மாதிரிப் பொருள்கள் செய்துவந்த எஸ்.எம்.ஈ. நிறுவனத்தின் தலைவர் ராபர்ட்சன் ஐக்மன் தம் சொந்த உபயோகத்திற்கென ஒரு கை செய்தார். நண்பர்கள் அதை விரும்பிக் கேட்கவே, 1959 முதல் அது விற்பனைக்கு வந்தது. மூன்றையும் இன்றும் இசையன்பர்கள் தேடியலைகின்றனர்.

நம் நாட்டில் இவை எளிதிற் கிட்டவில்லை. 1947-ஆம் ஆண்டின் ஏற்றுமதி இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெறுவது அரிது; அந்நியச் செலாவணியும் அருமை. அயல்நாடு சென்று திரும்பும் உறவினரின் பெட்டியையே பலர் எதிர்நோக்கியிருந்தனர். அவ்வாறு வந்ததும் சில நேரம் ஏமாற்றமளித்தது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 அலைவு, நம்முடையது 50. அங்குள்ள மின்சாரத்திற்கென அமைந்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஐந்து கட்டையிற் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார்! கப்பி மாற்றிய பின்னரே சுருதி சேரும். 1991-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தமும், 2001 ஏப்ரலில் எஞ்சிய அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியதும் கதவைத் திறந்தன.

கதவு திறந்த வேளையில் விருந்தாளி விடைபெற்றுக் கொண்டிருந்தார். 1982-இல் தோன்றிய குறுந்தகடு இசைத்தட்டை ஒதுக்கிவிட்டது. 2010-இல் ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனமே தன் புகழ்பெற்ற '1200' வரிசைச் சுழல்தட்டை நிறுத்தியது. எனினும் இளைஞர்கள் இசைத்தட்டை மீண்டும் நாடினர். 2016-இல் அவ்வரிசை மறுபடி வெளிவந்தது. நம் காலனி இல்லங்கள் சிலவற்றிலும் புதிய சுழல்தட்டுகள் வந்துள்ளன.

இங்கேதான் ஒரு சொல் கூற விழைகிறோம். புதுப்பெட்டி வந்த மகிழ்ச்சியில், பரண்மேலிருந்த பாட்டனாரின் அரக்குத் தட்டுகளை அதில் வைத்துப் பார்த்த பிழையை நாமும் செய்தோம். புதிய பெட்டிகள் பலவற்றில் 78 வேகமே இல்லை. வேகம் இருந்தாலும், பழைய வரிக்கு ஏறக்குறைய மும்மடங்கு பருத்த ஊசி முனை வேண்டும். நெடுந்தட்டின் நுண்ணூசி வரியின் அடியிற் புரண்டு இரைச்சலையே எழுப்பும். கிராமபோனின் எஃகு ஊசியோ நெடுந்தட்டை ஒரே முறையில் அழித்துவிடும். அரக்குத் தட்டைச் சாராயக் கலப்புள்ள நீர்மத்தால் துடைத்தலாகாது. அரக்கு அதிற் கரையும். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்காமல் நிமிர்த்தி வைத்தலே நலம்.

இத்தட்டுகளிற் பலவற்றுக்கு மறுபிரதி எங்குமில்லாதிருக்கலாம். ஊர் விட்டு வந்த நம் முன்னோர் துணிப்பெட்டிக்குள் பொதிந்து ரயிலேற்றிக் கொணர்ந்த குரல்கள் அவை. காசு கொடுத்தால் சுழல்தட்டு எந்நாட்டிலிருந்தும் வரும்; உடைந்த தட்டிலிருந்த குரல் எந்நாட்டிலிருந்தும் வாராது. ஆதலின் அன்பர்கள் தம் வீட்டுத் தட்டுகளைத் தேடியெடுத்து, ஏற்ற ஊசியால் ஒருமுறை ஒலிக்கச் செய்து, மறுபதிவெடுத்துப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பார்களாக. அடுத்த ஆண்டு விழாவில் அக்குரல்கள் நம் அரங்கில் ஒலிக்குமாயின், அதனினும் சிறந்த கடவுள் வாழ்த்து வேறு வேண்டுமோ?