பொன்வட்டிலும் நீர்க்குடுவையும்: கூரம் முதல் காவிரி வரை ஒரு நடைவழி

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் இன்று ஒரு சிற்றூர். பட்டு வாங்கவும் கோயில் காணவும் காஞ்சிக்கு வருவோரில் சிலரே அவ்வூர்ப் பக்கம் திரும்புவர். அங்கிருந்து திருவரங்கம் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடந்து செல்ல நாம் எண்ணியுள்ளோம். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் கூட்டங்கூட்டமாக நடப்போரைத் தமிழகச் சாலைகளில் காண்கிறோம். கூரத்திலிருந்து தெற்கே செல்லும் இவ்வழியில் அத்தகைய கூட்டம் இல்லை. நமக்கு இது இபாதத்தான பயணமும் அன்று. வரலாற்றைக் கால்களால் பயிலும் முயற்சியே. ஆயத்தம் தொடங்கியதும் எழுந்த முதற்கேள்வி, எதை எடுத்துச் செல்வது என்பது. அது ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வழியில் எழுந்த கேள்விதான்.

கூரத்தார் எறிந்த பொருள்

11ஆம் நூற்றாண்டில் கூரத்தில் பெருஞ்செல்வராக வாழ்ந்தவர் கூரத்தாழ்வான். பின்னாளில் இராமாநுசரின் தலைமாணாக்கருள் ஒருவரானவர். பகல் முழுதும் அவர் இல்லத்தில் ஈகை நடைபெறும். இரவில் அம்மாளிகைக் கதவு அடைபடும் ஓசை காஞ்சிக் கோயில்வரை கேட்கும் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும். தம் செல்வத்தின் ஓசை அவ்வளவு தொலைவு கேட்கிறதே என்று நாணி, உடைமை அனைத்தையும் பிறர்க்கு வழங்கிவிட்டு, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கி நடந்தார். காட்டு வழியில் இருள் சூழ்ந்தபோது, வழியில் அச்சம் உண்டோ என்று அம்மையார் வினவினார். மடியில் ஏதேனும் இருந்தாலன்றி அச்சமில்லை என்றார் அவர். கணவர் உண்பதற்கென ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்திருப்பதாக அம்மையார் கூற, அதை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு நடந்தார் என்பது வரலாறு. மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதனையே.

நம் வாசகர்க்கு இந்நிகழ்ச்சி அயலாகத் தோன்றாது. அதே நூற்றாண்டில், 1095ஆம் ஆண்டில், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்துப் பெரும் பதவியைத் துறந்து, தம் குடும்பத்துக்குத் தேவையானது போக எஞ்சிய பொருளைப் பகிர்ந்தளித்துவிட்டு திமிஷ்கு நோக்கிப் புறப்பட்டார். அவருடைய இஹ்யா உலூமித்தீனில் நபி ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. ஒரு சீப்பும் ஒரு நீர்க்குவளையுமே அவர்களது உடைமை. ஒருவன் விரல்களால் தாடியைக் கோதுவதைக் கண்டு சீப்பை எறிந்தார்கள். மற்றொருவன் கைகளால் ஆற்றுநீர் அள்ளிப் பருகுவதைக் கண்டு குவளையையும் எறிந்தார்கள். கூரத்து வட்டிலும் இக்குவளையும் ஒரே பாடத்தைச் சொல்வன.

கட்டுச்சோறும் தவக்குலும்

ஆனால் பாடம் அதனோடு முடிந்துவிடவில்லை. யமன் நாட்டார் சிலர் வழியுணவின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, தம்மை இறைவன்மீது முழுநம்பிக்கை வைத்தோர் என்று சொல்லிக்கொண்டனர். மக்காவை அடைந்ததும் மக்களிடம் இரந்தனர். அவர்கள் பொருட்டே, பயணத்துக்கு உணவு எடுத்துச் செல்லுங்கள், அவ்வுணவில் சிறந்தது இறையச்சம் என்னும் பொருளுடைய வசனம் அல்பகறா அத்தியாயத்தில் அருளப்பெற்றது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அருளிய செய்தி திர்மிதீயில் உள்ளது.

இவ்விரண்டையும் இணைப்பவர் இப்ராஹீம் அல்கவ்வாஸ் (ரஹ்). வழியுணவின்றிப் பாலை கடப்பதில் பெயர் பெற்ற அச்சூஃபி, ஊசியும் கயிறும் கத்தரிக்கோலும் சிறு நீர்க்குடுவையும் இல்லாமல் ஒருபோதும் புறப்பட்டதில்லை. இது தவக்குலுக்கு முரண் அன்று என்று கஸ்ஸாலி (ரஹ்) விளக்குகிறார். பாலையில் நீர் நிலத்தின் மேல் நிற்பதில்லை. கயிறும் கலமும் இன்றிக் கிணற்று நீரை மேலேற்றுவது இறைவன் வகுத்த வழக்கமும் அன்று. உடை கிழிந்தால் மறைக்க வேண்டியதை மறைக்க ஊசி வேண்டும். ஆகவே எறிய வேண்டியது அச்சத்தைத் தரும் பொருள்; ஏந்த வேண்டியது கடமைக்கு உதவும் பொருள். பொன்வட்டில் முதல்வகை, நீர்க்குடுவை இரண்டாம் வகை.

வழியைக் காத்தோர்

இங்கு மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வட்டிலை எறிந்தவர் திருவரங்கம் சேர்ந்தார் என்றால், வழியில் நீரும் நெருப்பும் நிழலும் வைத்தோர் யார்?

விடையின் ஒரு பகுதி கூரத்திலேயே உள்ளது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள் அவ்வூரில் கிடைத்தன. சாளுக்கிய விக்கிரமாதித்தனுடன் பல்லவன் பொருத போரை அவை விரிவாக வருணிக்கும். அப்போர் நிகழ்ந்த இடம் பெருவளநல்லூர் என்று உதயேந்திரம் செப்பேடு கூறும். அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்து இலால்குடி வட்டத்தது என்பது அறிஞர் முடிபு. காஞ்சிக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட நிலத்தில் அடியார்க்கு முன்பே படைகள் நடந்திருக்கின்றன. ஆயினும் நம் நெஞ்சில் நிற்பது போர் வருணனை அன்று. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டிக் கூரத்துப் பரமேசுவர தடாகத்துக்கு நீர் கொணர்ந்ததையும், மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும் பாரதம் வாசிப்பதற்கும் பங்கு ஒதுக்கியதையும் அச்செப்பேடு சொல்கிறது. மண்டபத்துக்கு வருவோர்க்கு நீரும் நெருப்பும் இருத்தல் வேண்டும் என்று செம்பில் எழுதி வைத்த ஊர் அது.

தெற்கே நடந்தால் இவ்வறம் தொடர்கிறது. உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் புகழ் பெற்றவை. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஏரி வாரியமும் ஒன்று. அடுத்த மதுராந்தகமோ ஏரியாலேயே அறியப்படும் ஊர். காஞ்சியிலிருந்து சென்ற இராமாநுசரும் திருவரங்கத்திலிருந்து வந்த பெரிய நம்பியும் எதிர்ப்பட்ட இடம் அதுவே என்பது மரபு. பழைய வழி மதுராந்தகத்தைத் தொட்டுச் சென்றது என்பதற்கு அம்மரபு சான்றாகிறது.

இஸ்லாமிய உலகில் இவ்வறத்தின் பெயர் வக்ஃபு. கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையார் கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலை வழியில் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமைத்தார். இன்றும் அவ்வழி அவர் பெயராலேயே வழங்குகிறது. கவ்வாஸின் குடுவை நிறைய, யாரோ ஒருவர் கிணறு வெட்டியிருக்க வேண்டும் அல்லவா?

வழியில் கிடைக்கும் நீர் எல்லோர்க்கும் ஒன்றுபோல் கிடைத்ததில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பயணம் செய்த இப்னு பதூதா, அங்கு அரைக் கல்லுக்கு ஒரு மரவீடும் அதில் திண்ணைகளும் கிணறும் நீர் வழங்க ஓர் ஆளும் இருந்ததை வியந்து எழுதுகிறார். ஏனையோர்க்குக் கலத்தில் நீர் தருவர். முஸ்லிமுக்குக் கைகளில் ஊற்றுவர். இறங்குமிடந்தோறும் முஸ்லிம் வீடுகள் இருந்தன. அவை இல்லையேல் முஸ்லிம் எவரும் அவ்வழியே செல்ல இயலாது என்கிறார். அந்நாட்டு வழக்கைக் குறையாகக் காட்டுவது நம் நோக்கமன்று. கலம் மறுக்கப்பட்ட இடத்திலும் நீர் மறுக்கப்படவில்லை என்பதையே நாம் குறித்துக்கொள்கிறோம்.

நம் ஏற்பாடு

கூரத்தில் தொடங்கி, காஞ்சி, உத்திரமேரூர், மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் வழியாகச் செல்ல எண்ணம். பாலாறு, செய்யாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் குறுக்கிடும். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் என்றால் 15 நாட்கள். மழை ஓய்ந்து வெயில் ஏறாத தையும் மாசியும் ஏற்ற மாதங்கள்; ரமலான் அவற்றோடு கூடும் ஆண்டாயின் தள்ளிவைப்பதே தகும். நான்குவழி நெடுஞ்சாலையைத் தவிர்த்து, அதற்கு இணையாகச் செல்லும் ஊர்ச்சாலைகளில் நடப்பது நலம். பயணியாகையால் தொழுகையைச் சுருக்கும் சலுகை உண்டு. வழியிலுள்ள நகரங்களில் பள்ளிவாசல்களும் உண்டு.

சுமை: மாற்றுடை ஒன்று, தொழுகை விரிப்பு, ஊசி நூல், நீர்க்குடுவை, சிறிது உணவு, செலவுக்கு வேண்டிய பணம். இழந்தால் வருந்தும் எதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துள்ளோம்.

பயணம் திருவரங்கத்தில் முடியாது. காவிரியைக் கடந்தால் திருச்சிராப்பள்ளியில் நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் அடக்கவிடம். அரசைத் துறந்து, கலந்தர்கள் சூழ நெடுந்தொலைவு நடந்து அவ்வூர் வந்தவர், 11ஆம் நூற்றாண்டினர் என்பது மரபு. செல்வத்தைத் துறந்தவர் ஒருவர் ஆற்றின் வடகரையைத் தேடி வந்தார்; அரசைத் துறந்தவர் ஒருவர் தென்கரையைத் தேடி வந்தார். இருவர்க்கும் வழியில் எவரோ நீர் கொடுத்திருக்கின்றனர். கொடுத்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை.

ஆகவே பயணம் செல்லாதோர்க்கும் இவ்வழியில் பங்கு உண்டு. வாசலில் ஒரு தண்ணீர்ப் பானை வைப்பதும், அயலான் கேட்டால் கதவைத் திறப்பதும் அப்பங்கு. கூரத்தில் அடைபட்ட கதவின் ஓசை ஒரு செல்வரை நாணச் செய்தது. நம் கதவுகளின் ஓசையும் நம் செவியில் விழுமாக.