காலநிலைச் செயற்பாட்டில் சிறாரும் இளையோரும்

புவி வெப்பமடையக் காரணமான பசுங்குடில் வளிகளின் உமிழ்வைக் குறைக்கவும், வெப்பமடைதலின் விளைவுகளிலிருந்து மக்களைக் காக்கவும் அரசுகளை உந்தும் பணியில் பதினெட்டு வயது நிறையாத சிறாரும், ஐக்கிய நாடுகள் அவையின் வகைப்பாட்டில் 15 முதல் 24 வயது வரையுள்ள இளையோரும் முன்னின்று ஈடுபடுவதை இத்தலைப்பு குறிக்கிறது. காற்றில் கலக்கும் கரியமில வாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்கிவிடுவதால், இன்றைய முடிவுகளின் விளைவை நெடுங்காலம் தாங்கப்போகிறவர்கள் இன்றைய குழந்தைகளே. எனினும் அம்முடிவுகளை எடுப்போரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை பெரும்பாலான நாடுகளில் அவர்களுக்கு இல்லை. யுனிசெஃப் நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஏறத்தாழ 100 கோடிக் குழந்தைகள் மிகக் கடும் இடர் நிலவும் 33 நாடுகளில் வாழ்கிறார்கள். உலகின் கரியமில வாயு உமிழ்வில் அந்நாடுகளின் மொத்தப் பங்கோ 9 விழுக்காடு மட்டுமே. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 12ஆம் பிரிவில், தம்மைப் பாதிக்கும் எல்லாப் பொருள்களிலும் கருத்துக் கூறும் உரிமையைக் குழந்தைகளுக்கு அளித்து, அவர்களது வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்தை மதிக்கும் கடமையை அரசுகள்மீது சுமத்தியது. அவ்வுரிமை மாநாட்டு மேடையில் சில நிமிடங்கள் பேசும் வாய்ப்பாகச் சுருங்கிக் கிடந்து, வழக்காடும் தகுதியாகவும் கொள்கை வகுப்பில் இடமாகவும் பரவலாக விரிவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

தொடக்க காலம்

1992 ஜூனில் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் கூடிய புவி உச்சி மாநாட்டில், கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி செவெர்ன் கல்லிஸ்-சுசுகி நாடுகளின் பேராளர்கள்முன் உரையாற்றினார். ஒன்பதாம் வயதில் நண்பர்களுடன் சேர்ந்து சிறுவர் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றைத் தொடங்கிய அவர், ரியோவுக்குச் செல்லும் பணத்தையும் அவர்களோடு சேர்ந்தே திரட்டியிருந்தார். ஆறு நிமிட அளவேயான அவ்வுரை அரங்கை உருக்கியது. இன்றும் உலகெங்கும் பார்க்கப்படுகிறது. அம்மாநாடு ஏற்ற ‘நிகழ்ச்சிநிரல் 21’ என்னும் செயல்திட்டத்தின் 25ஆம் இயல் சிறாருக்கும் இளையோருக்கும் உரியதாக அமைந்தது. அங்கே கையொப்பத்திற்கு வைக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கை, தன் 6ஆம் பிரிவில் கல்வியையும் பொதுமக்கள் பங்கேற்பையும் அரசுகளின் கடமைகளுள் சேர்த்தது.

அதே ஆண்டில் ரோஜர் ஹார்ட் என்னும் ஆய்வாளர் யுனிசெஃப்பிற்காக எழுதிய நூலில், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்துக் காட்டினார். பெரியவர்கள் தம் நோக்கத்திற்குக் குழந்தைகளைக் கருவியாக்குவது, அவர்களை மேடையில் அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவில் கருத்துக் கேட்பது ஆகிய கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே ஆகா என்பது அவர் முடிவு. குழந்தைகளே தொடங்கிய பணியில் பெரியவர்களுடன் முடிவைப் பகிர்ந்துகொள்வது உச்சிப் படி. பின்னாளில் எழுந்த காலநிலைச் செயற்பாடுகள் பலவற்றை எடைபோட இன்னமும் இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை.

ஆயினும் இக்காலத்தின் மிக ஆழமான மாற்றம் ரியோவிலன்றிப் பிலிப்பைன்ஸ் நாட்டில் நிகழ்ந்தது. அந்தோனியோ ஒபோசா என்னும் வழக்கறிஞர், தம் பிள்ளைகள் உள்ளிட்ட சிறார் பலரின் பெயரால், நாட்டின் மழைக்காடுகளை வெட்ட அளிக்கப்பட்ட உரிமங்களை நீக்கக் கோரி 1990இல் வழக்குத் தொடுத்தார். 1993 ஜூலையில் தீர்ப்பளித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சிறார் தமக்காக மட்டுமின்றித் தம் தலைமுறைக்காகவும் இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைகளுக்காகவும் வழக்காடலாம் என்று ஏற்றது. அது காடுகளைப் பற்றிய வழக்கே எனினும், தலைமுறைகளுக்கிடையிலான பொறுப்பு என்று அத்தீர்ப்பு வகுத்த கோட்பாடு பிற்காலக் காலநிலை வழக்குகளுக்கு வித்தாயிற்று.

நிறுவனங்களின் வழி

சட்டக உடன்படிக்கையில் இணைந்த நாடுகள் ஆண்டுதோறும் கூடும் தரப்பினர் மாநாட்டிற்கு முன்னோட்டமாக இளையோர் தனியே கூடும் மாநாடு 2005இல் கனடாவின் மாண்ட்ரியாலில் தொடங்கியது. ‘யங்கோ’ எனச் சுருக்கமாக வழங்கும் இளையோர் அமைப்புகளின் கூட்டணி, 2009இல் தற்காலிகமாகவும் 2011இல் முழுமையாகவும் சட்டக உடன்படிக்கைப் பேச்சுவார்த்தைகளின் அங்கீகாரம் பெற்ற குழுவாயிற்று. அவையில் அறிக்கை படிக்கவும் கருத்துரை அளிக்கவும் அதற்கு இடமுண்டு, வாக்கு இல்லை. இந்தியாவில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த ஆணை சுற்றுச்சூழல் கல்வியைப் பாடத்திட்டத்திற்குள் கொண்டுவந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை மன்றங்கள் அமைந்தன. மரக்கன்று நடுதல், விழிப்புணர்வுப் பேரணி, ஓவியப் போட்டி என்னும் வட்டத்திற்குள் இவை பெரும்பாலும் நின்றுவிட்டன என்பதை மறுக்க இயலாது. தம் ஊர் ஏரியின் நிலை குறித்து ஊராட்சியிடம் கேள்வி எழுப்பும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டிய மன்றங்கள் அரிது.

பள்ளி வேலைநிறுத்தம்

2018 ஆகஸ்ட் 20 அன்று, பதினைந்து வயதான கிரெட்டா துன்பர்க் பள்ளிக்குச் செல்லாமல் ஸ்டாக்ஹோமிலுள்ள ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் ஒரு பதாகையுடன் தனியே அமர்ந்தார். செப்டம்பர் 9 அன்று நடந்த பொதுத்தேர்தல் வரை தொடர்ந்த அப்போராட்டம், அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் நடைபெறலாயிற்று. ‘எதிர்காலத்திற்கான வெள்ளிக்கிழமைகள்’ என்ற பெயரில் அது பரவிய வேகத்திற்கு, அதே ஆண்டு அக்டோபரில் காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக்குழு வெளியிட்ட 1.5 பாகை வெப்ப உயர்வு பற்றிய அறிக்கையும் ஒரு காரணம். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டுச் சராசரி வெப்பநிலை உயர்வை 1.5 பாகை செல்சியசுக்குள் நிறுத்த வேண்டுமாயின், 2030க்குள் கரியமில வாயு உமிழ்வை 2010இன் அளவிலிருந்து ஏறத்தாழ 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்னும் அதன் கணக்கு மாணவர்களின் கோரிக்கைக்கு உறுதியான அடித்தளமாயிற்று. 2019 மார்ச் 15 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பத்து லட்சத்திற்கும் அதிகமான மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு வாரம் நடந்த போராட்டங்களில் பல லட்சம் பேர் திரண்டனர். 2020இல் கொரோனா பெருந்தொற்று தெருக்களை வெறுமையாக்கியபோது இவ்வேகம் தணிந்தது.

நீதிமன்றங்களில்

வகுப்பறையைவிட்டு வெளியேறியது செய்தியாயிற்று; நீதிமன்றத்திற்குள் நுழைந்ததோ சட்டங்களையே மாற்றியது. தொடக்கம் தோல்விகளாகவே அமைந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இளையோர் 21 பேர் 2015இல் கூட்டாட்சி அரசுக்கு எதிராகத் தொடுத்த ஜூலியானா வழக்கு, காலநிலை மாற்றத்தால் விளையும் தீங்குக்குப் பரிகாரம் அளிப்பது நீதிமன்றத்தின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது என்ற காரணத்தால் 2020இல் மேல்முறையீட்டில் தள்ளப்பட்டது. இந்தியாவில் உத்தராகண்டைச் சேர்ந்த ரித்திமா பாண்டே தம் ஒன்பதாம் வயதில், 2017இல், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினார். இந்திய அரசின் பன்னாட்டுக் கடமைகள் அதன் கொள்கைகளில் இடம்பெறவில்லை எனக் கருதக் காரணமில்லை என்று கூறி 2019 ஜனவரியில் தீர்ப்பாயம் மனுவை முடித்துவைத்தது.

திருப்பம் ஜெர்மனியில் நேர்ந்தது. லூயிசா நோய்பவர் உள்ளிட்ட இளையோர் தொடுத்த வழக்கில், அந்நாட்டுக் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல், 2030க்குப் பிந்தைய உமிழ்வுக் குறைப்பைப் போதிய அளவு வரையறுக்காத காலநிலைச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. இன்றைய தலைமுறை உமிழ்வு ஒதுக்கீட்டின் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டால், மிச்சத்தை ஈடுகட்ட வரும் தலைமுறையின் உரிமைகள் கடுமையாகக் குறுக்கப்பட நேரிடும் என்பதே அதன் வாதம். காலநிலை இழப்பை உரிமை இழப்பாக மொழிபெயர்த்ததில் இத்தீர்ப்பின் பெருமை அடங்கியிருக்கிறது. சில மாதங்களுக்குள் சட்டம் திருத்தப்பட்டு, நிகர உமிழ்வற்ற நிலையை எட்டும் இலக்கு 2050இலிருந்து 2045க்கு முன்னே கொண்டுவரப்பட்டது. தென்கொரிய அரசியலமைப்பு நீதிமன்றமும் 2024 ஆகஸ்டில், 2031 முதல் 2049 வரையிலான காலத்திற்கு இலக்கு வகுக்கப்படாததைக் குறையாகக் கண்டது. அங்கும் வழக்கைத் தொடங்கியவர்கள் இளையோரே. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், வழக்குத் தொடுத்த காலத்தில் 2 முதல் 18 வயதுக்குட்பட்டிருந்த 16 பேர் 2023 ஆகஸ்டில் வென்றனர். தூய, நலமிக்க சூழலுக்கான உரிமையை வெளிப்படையாக வழங்கும் 1972ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பே அவர்களுக்கு உறுதுணையாக இருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

வனுவாட்டு மாணவர்கள்

இளையோர் முயற்சிகளுள் ஹார்ட்டின் ஏணியில் மிக உயர்ந்து நிற்பது, பசிபிக் பெருங்கடலின் வனுவாட்டுத் தீவுநாட்டில் தோன்றியது. தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் போர்ட் விலா வளாகத்தில் சட்டம் பயின்ற மாணவர்கள் 27 பேர், 2019இல் வகுப்பில் எழுந்த வினா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டனர்: காலநிலையைக் காப்பதில் அரசுகளுக்குள்ள சட்டக் கடமை எது என்பதை ஹேகிலுள்ள பன்னாட்டு நீதிமன்றமே விளக்கும்படி செய்ய இயலுமா? அந்நீதிமன்றத்திடம் இத்தகைய ஆலோசனைக் கருத்தைக் கேட்கும் அதிகாரம் தனி மனிதருக்கில்லை. ஐக்கிய நாடுகளின் பொது அவை முதலிய அமைப்புகளுக்கே உண்டு. எனவே அவர்கள் பசிபிக் தீவுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினர்; வனுவாட்டு அரசை உடன்படச் செய்தனர்; பிற நாடுகளின் இளையோரையும் திரட்டினர். 2023 மார்ச் 29 அன்று பொது அவை வாக்கெடுப்பின்றி ஒருமனதாகத் தீர்மானத்தை ஏற்றது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமித்து வழங்கிய கருத்தில், காலநிலை அமைப்பைப் பசுங்குடில் வளி உமிழ்விலிருந்து காப்பது அரசுகளின் சட்டக் கடமை என்றும், அதை மீறுவது பன்னாட்டுச் சட்டத்திற்கு மாறான செயலாகி, உரிய சூழலில் இழப்பீட்டுப் பொறுப்பையும் விளைவிக்கலாம் என்றும் அறிவித்தது. ஆலோசனைக் கருத்து நாடுகளைத் தீர்ப்பைப்போல் நேரடியாகக் கட்டுப்படுத்தாது எனினும், உள்நாட்டு நீதிமன்றங்கள் அதை மேற்கோளாகக் கொள்ளலாம்.

குரல்களின் ஏற்றத்தாழ்வு

இளையோர் இயக்கத்திற்குள்ளும் எல்லாக் குரலும் ஒரே உயரத்தில் ஒலிப்பதில்லை. 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோசில் எடுக்கப்பட்ட படத்திலிருந்து, உகாண்டாவின் வனெசா நகாட்டே ஒரு செய்தி நிறுவனத்தால் வெட்டி நீக்கப்பட்டு, உடன் நின்ற வெள்ளையினச் செயற்பாட்டாளர்கள் மட்டும் காட்டப்பட்டது இதற்குப் பரவலாக அறியப்பட்ட சான்று. வகுப்பைப் புறக்கணிப்பது போராட்டமாவதற்கு முதலில் பள்ளியில் இடமிருக்க வேண்டும். வெள்ளத்தாலும் வறட்சியாலும் பள்ளியையே இழந்த குழந்தைக்கு அவ்வழி இல்லை. வகுப்புப் புறக்கணிப்பன்றிச் செயற்பாடு வேறு வடிவங்களையும் கொள்கிறது. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், தெருவோர இஸ்திரி வண்டிகளில் எரியும் கரியைக் கண்டு, சூரிய ஆற்றலால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசைப் பெற்றார். மறு ஆண்டு கிளாஸ்கோ தரப்பினர் மாநாட்டில் பேசி, வெற்று வாக்குறுதிகளைத் தரும் தலைவர்களைக் கடிந்தார். துணி தேய்ப்போரின் பிழைப்பையும் மூச்சையும் ஒருசேர எண்ணிப் பார்த்த இம்முயற்சியில், காலநிலைச் சிக்கல் தெருவில் எப்படி உணரப்படுகிறது என்பது தெளிவாகிறது.

காலநிலை நெருக்கடியின் சுமை இளம் மனங்களை அழுத்துவதும் ஆய்வாளர்களின் கவனத்திற்கு வந்துள்ளது. இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான பதினாயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், 59 விழுக்காட்டினர் காலநிலை மாற்றம் குறித்து மிகவும் அல்லது மிக மிகக் கவலை கொண்டிருந்தனர். அரசுகள் தம்மைக் கைவிட்டுவிட்டன என்னும் உணர்வுக்கும் அக்கவலைக்கும் தொடர்பிருப்பதையும் அது காட்டிற்று. உலகைக் காக்கும் பொறுப்பைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் கைதட்டிக்கொண்டிருப்பதை அதிகாரமளித்தல் என்று கொள்ள முடியாது.

குழந்தை உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் குழு 2023இல் வெளியிட்ட 26ஆம் பொதுக் கருத்துரை, காலநிலை குறித்து அரசுகளுக்குள்ள கடமைகளை விரித்துரைக்கிறது. அதை வரைகையில் 121 நாடுகளின் சிறாரிடமிருந்து 16,331 கருத்துகள் பெறப்பட்டன. செயலளவில் இதற்கு ஒத்த எடுத்துக்காட்டு ஹவாயில் உள்ளது. மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு எதிராக இளையோர் 13 பேர் தொடுத்த வழக்கில் 2024 ஜூனில் எட்டிய உடன்பாட்டின்படி, தரைவழியிலும் தீவுகளுக்கிடையிலான கடல், வான் வழிகளிலும் போக்குவரத்து உமிழ்வை 2045க்குள் முற்றாக ஒழிக்கத் துறை ஒப்புக்கொண்டது. அதற்கு ஆலோசனை கூற இளையோர் மன்றம் ஒன்று அமைக்கவும், உடன்பாடு நிறைவேறுவதை நீதிமன்றம் தொடர்ந்து மேற்பார்வையிடவும் அதில் வழிசெய்யப்பட்டுள்ளது.