வார்பர்க் விளைவு

ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதும் பல புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸின் பெரும்பகுதியை முழுதாக எரிப்பதில்லை. பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளிவிடுகின்றன. ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஆட்டோ வார்பர்க் (1883–1970) 1920களில் பெர்லினில் இதைக் கண்டறிந்தார். எலியின் கட்டியை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிதாகச் சீவி, கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குடுவையில் இட்டு, வெந்நீர்த் தொட்டியில் குலுக்கியபடியே, அழுத்தமானியின் திரவமட்டத்தைக் கொண்டு வாயுக்களை அளந்தார். சீவல் தடித்தால் நடுவிலுள்ள செல்களுக்கு ஆக்சிஜன் எட்டாது, கணக்கே பொய்த்துவிடும். குடுவைக்குள் நடப்பது உடலுக்குள்ளும் நடக்குமா என்ற ஐயத்துக்குக் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி 1925இல் விடை தந்தார்கள். ஒரு சிறகில் மட்டும் கட்டியுள்ள கோழியின் இரு சிறகுகளிலிருந்தும் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, கட்டியிருந்த பக்கத்தில் குளுக்கோஸ் குறைந்தும் லாக்டிக் அமிலம் கூடியும் இருந்தது.

கண்டது சரி, சொன்ன காரணம்தான் தவறு. செல்லின் சுவாசம் பழுதுபடுவதே புற்றுநோயின் தொடக்கம் என்று வார்பர்க் 1956இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். பெரும்பாலான கட்டிகளில் சுவாசம் நன்றாகவே நடக்கிறது என்று உயிர்வேதியியலாளர் சிட்னி வைன்ஹவுஸ் அதே இதழில் மறுத்தார். வார்பர்க் கடைசிவரை இறங்கிவரவில்லை. (1931இல் அவர் பெற்ற நோபல் பரிசு சுவாச நொதிக்கானது, புற்றுநோய்க்கானது அல்ல.) விளக்கம் வீழ்ந்தபோது அதோடு சேர்த்து உண்மையான அவதானிப்பையும் புற்றுநோய் ஆய்வுத்துறை மறந்தது என்பதே இந்த வரலாற்றின் மையம். 1976க்குப் பின் புற்றுநோய் மரபணுக்கள் எல்லோரையும் ஈர்த்துக்கொண்டன, இதில் யாரையும் குறை சொல்ல முடியாது என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் கட்டியின் சர்க்கரைப் பசியை நம்பியே இயங்கும் பெட் ஸ்கேன் மருத்துவமனைகளுக்கு வந்துவிட்ட பிறகும், புற்றுநோய் ஆய்வாளர்கள் ஹனஹான், வைன்பெர்க் இருவரும் 2000இல் வகுத்த புற்றுநோய் அடையாளப் பட்டியலில் வளர்சிதை மாற்றத்துக்கு இடமில்லை. 2011இல்தான் அது சேர்ந்தது. அதற்குள் அதே மரபணு ஆய்வுகள், மிக் போன்ற புற்றுநோய் மரபணுக்கள் குளுக்கோஸ் பயன்பாட்டையே திருப்பிவிடுவதைக் காட்டியிருந்தன.

ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் முப்பது ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கக்கூடிய இடத்தில் இரண்டோடு நிறுத்துவது ஊதாரித்தனம் அல்லவா? பிரியும் செல்லுக்கு ஆற்றலைவிடக் கொழுப்பும் நியூக்ளியோடைடும் கட்டுவதற்கான மூலப்பொருளே அவசரத் தேவை என்று ஆய்வாளர்கள் வாண்டர் ஹைடன், கான்ட்லி, தாம்சன் 2009இல் வாதிட்டனர். அப்படியானால் கார்பனில் பெரும்பங்கை ஏன் லாக்டிக் அமிலமாகக் கொட்ட வேண்டும் என்ற எதிர்க்கேள்வி இன்னும் முழுதாக அடங்கவில்லை.

வளர்சிதை மாற்ற ஆய்வால் மருந்து வந்ததா என்போர் உயிர்வேதியியலாளர் எல்லப்பிரகடா சுப்பாராவை மறக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹார்வர்டில் சக ஆய்வாளர் ஃபிஸ்க்கோடு 1929இல் ஏடிபியை அறிவித்தும் அங்கே நிரந்தரப் பணி கிடைக்காமல், 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனவர் அவர். அவருடைய குழு செய்த அமினோப்டெரின், நியூக்ளியோடைடு கட்ட உதவும் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பது. அதைக் கொடுத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் குழந்தைகளின் இரத்தப் புற்றைத் தற்காலிகமாகத் தணித்தார். குளுக்கோஸ் சிதைவையே நேராகத் தடுக்கும் மருந்துகள் அவ்வளவாகப் பலிக்கவில்லை. மூளையும் அதே சர்க்கரையில்தானே வாழ்கிறது! மாறாக, பிறழ்ந்த ஐடிஎச்1 என்ற வளர்சிதை மாற்ற நொதியை மட்டும் குறிவைக்கும் ஐவோசிடெனிப், ஒருவகை இரத்தப் புற்றுக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.