நீலக் குதிரை

எங்கள் வீட்டு ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ புத்தகத்தில் எந்த ஓட்டை எரிக் கார்ல் போட்டது, எது என் மகள் கடித்துப் போட்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தப் புத்தகமே ஒரு பஞ்சிங் மெஷினில் ஆரம்பித்ததுதான். தாள்களில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த கார்லுக்குப் புத்தகப் புழு ஞாபகம் வந்திருக்கிறது. வில்லி என்ற புழுவாக எழுதினார். எடிட்டர் ஆன் பெனடூஸ்தான் அதைக் கம்பளிப்பூச்சியாக்கச் சொன்னார். ஒவ்வொரு பக்கமும் ஒரு அகலம், நடுவே துளை. 1969-ல் அமெரிக்காவில் கட்டுப்படியாகும் செலவில் அச்சிட ஆள் கிடைக்காமல் ஜப்பானுக்குப் போனது. நம்ம பாஷையில், ஸ்பெக் ரெடி, பில்ட் பண்ண ஆளில்லை.

எனக்கு ஓட்டைகளைவிட அந்த வண்ணங்கள்தான் ஆச்சரியம். இவ்வளவு கூச்சமே இல்லாத சிவப்பும் பச்சையும் எங்கிருந்து வந்தன?

கார்ல் 1929-ல் நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மானியர்கள். அம்மாவுக்கு ஊர் ஏக்கம். 1935-ல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, ஆறு வயதுப் பையனோடு ஸ்டுட்கார்ட் திரும்பினார்கள். இதைவிட மோசமான நேரம் கிடைத்திருக்காது. காட்டில் கல்லைப் புரட்டி அடியிலிருக்கும் பூச்சிகளைக் காட்டிவிட்டு, கல்லைப் பழையபடி பத்திரமாக வைக்கிற அப்பாவைப் போர் கொண்டுபோனது. சோவியத் சிறைமுகாமிலிருந்து 1947-ல் உடைந்துபோய்த்தான் வந்தார். பதினைந்து வயதில் மகனையும் எல்லையில் பதுங்குகுழி வெட்ட அனுப்பினார்கள். குண்டுவீச்சுக்குத் தப்ப, ஊரே சாம்பலும் பழுப்புமாகப் பூசப்பட்டிருந்தது.

அந்த ஊரில்தான் ஃப்ரிட்ஸ் க்ராவ்ஸ் என்ற ஓவிய வாத்தியார் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு, நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று தடைசெய்த ஓவியங்களின் பிரதிகளை ரகசியமாகக் காட்டினார். ஃப்ரான்ஸ் மார்க்கின் குதிரை அதில் ஒன்று. மார்க் முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டு இறந்தவர். அதுவும் அவர் படங்களைக் காப்பாற்றவில்லை. பையன் அதிர்ந்துபோனான். விஷயம் வெளியே போயிருந்தால் வாத்தியார் கதி என்ன? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனின் வாயை நம்பியிருக்கிறார் மனுஷன்!

1952-ல் நாற்பது டாலரோடு நியூயார்க் வந்தார் கார்ல். நியூயார்க் டைம்ஸில் டிசைனர், பிறகு விளம்பர வேலை. ஒரு விளம்பரத்தில் அவர் செய்த சிவப்பு சிங்கி இறாலைப் பார்த்து, பில் மார்ட்டின் ஜூனியர் தன் கரடிக் கதைக்குப் படம் போட அழைத்தார். டிஷ்யூ தாளில் அக்ரிலிக் பூசி, காயவைத்து, வெட்டி ஒட்டுவது கார்லின் முறை. 1967-ல் வந்த அந்த முதல் படப்புத்தகத்திலேயே குதிரை நீலம். வார்த்தைகள் மார்ட்டினுடையவை, ஆகவே தற்செயலாகவும் இருக்கலாம்.

2011-ல் வந்தது தற்செயல் இல்லை. 82 வயதில் ‘தி ஆர்ட்டிஸ்ட் ஹூ பெயின்டட் எ ப்ளூ ஹார்ஸ்’ என்றே ஒரு புத்தகம் போட்டார். உள்ளே சிவப்பு முதலை, மஞ்சள் மாடு, கடைசியில் மார்க்கைப் பற்றிய குறிப்பு. 2021-ல், 91 வயதில் இறந்தார்.

போன மாதம் அதை மகளுக்கு வாங்கினேன். முதலை ஏன் சிவப்பு என்று அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.