எளிய சொல்லின் கடினம்

ஆங்கிலத்தின் முதல் ஒருமொழி அகராதியாகக் கருதப்படும் நூலை 1604-இல் ராபர்ட் காட்ரே என்னும் பள்ளியாசிரியர் வெளியிட்டார். ஏறத்தாழ 2,500 சொற்கள், எல்லாம் அருஞ்சொற்கள். அன்றாடம் புழங்கும் சொல்லுக்குப் பொருள் எதற்கு என்பது அக்காலத்தார் எண்ணம். அவை அகராதியில் பெருமளவு இடம்பெற 1702-இல் ஜான் கெர்சி வரவேண்டியிருந்தது.

1755-இல் சாமுவேல் ஜான்சன் அவற்றையெல்லாம் வரையறுக்க முனைந்தார். எளியதை விளக்க அதனினும் எளிய சொல் எப்போதும் அகப்படுவதில்லை என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். வலைப்பின்னலுக்கு அவர் தந்த விளக்கத்தில் ‘ரெட்டிகுலேட்டட்’, ‘டெகஸ்ஸேட்டட்’ என லத்தீன் வாடை வீசும் சொற்கள். வலை இன்னதென்று அறியாமல் வந்தவன் அதிலேயே சிக்கிக்கொள்வான்!

இதற்கு வழி தேடியவருள் முக்கியமானவர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட். வங்காள மாணவர் பலர் படிப்பைப் பாதியில் விட்டுவிடுவதை அவர் கண்டார். அப்படி நின்றவனுக்கும், கற்ற அளவு ஆங்கிலம் வாசிக்கவாவது உதவவேண்டும் என்பது அவர் கவலை. 1935-இல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த அகராதி, சொற்களும் மரபுத்தொடர்களுமாக ஏறத்தாழ 24,000 பதிவுகளை வெறும் 1,490 சொற்களுக்குள் நின்று விளக்கியது. 1978-இல் வந்த லாங்மன் அகராதி இவ்வழியில் சுமார் 2,000 சொற்களை வகுத்துக்கொண்டது.

மாணவப் பருவத்தில் ஒரு சொல்லைத் தேடிப்போய்ப் புரியாத மூன்று சொற்களோடு திரும்பியிருக்கிறேன். வெஸ்டின் பெயரை அன்று எனக்கு எவரும் சொல்லவில்லை.