ஊருக்கு ஒரு கெயிட்டி

போன மாசம் லேப்டாப்புக்கு சார்ஜர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போயிருந்தேன். அப்பாவும் கூட வந்தார். திரும்பும்போது பிளாக்கர்ஸ் ரோட்டில் சட்டென்று நின்று, "இங்கதான்டா கெயிட்டி தியேட்டர் இருந்துச்சு" என்றார்.

எனக்குத் தெரிந்த கெயிட்டி, மும்பை பாந்த்ராவில் 1972-ல் திறந்த கெயிட்டி-கேலக்ஸிதான். வீட்டுக்கு வந்து தேடினால்.. ஊருக்கு ஒரு கெயிட்டி இருக்குங்க!

லண்டனில் 1868-ல் ஒன்று. பாட்டும் கூத்தும் கேலியுமாய்க் கல்லா கட்டிய நாடகக் கொட்டகை. பேருக்கே குதூகலம்னுதானே அர்த்தம்! டப்ளினில் 1871-ல் ஒன்று. சிம்லாவில் 1887-ல் இன்னொன்று. மலைக்குப் போன வெள்ளைக்காரத் துரைமார் பொழுதுபோகாமல் நாடகம் போட்ட இடம். அதை வடிவமைத்த ஹென்றி இர்வின் யார் தெரியுமா? நம்ம கன்னிமாரா நூலகத்தை வடிவமைத்த அதே ஆள்தான்.

ஆனால் சென்னை கெயிட்டி துரைமார் கட்டியதில்லை. மச்சிலிப்பட்டணத்துக்காரர் ரகுபதி வெங்கையா கட்டியது. மவுண்ட் ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். இசைத்தட்டுச் சத்தத்தோடு படம் ஓட்டும் க்ரோனோமெகாபோன் என்கிற மெஷினுக்காக அந்த ஸ்டூடியோவையே அடகு வைத்தார். ஊமைப்படக் காலத்தில்! டென்ட் போட்டு பர்மா, இலங்கை வரை படம் காட்டினார். 1914-ல் கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமா தியேட்டர் அதுதான். பிறகு தங்கசாலையில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் (பின்னாளில் ராக்ஸி ஆனது இதுதான்). 1921-ல் மகன் பிரகாஷோடு படமெடுக்கவும் இறங்கினார். தெலுங்கு சினிமாவின் தந்தை என்கிறார்கள். ஆந்திராவில் அவர் பேரில் விருதே கொடுத்தார்கள்.

லண்டன் கெயிட்டி 1939-ல் மூடி, 1950-களில் இடிபட்டது. டப்ளினில் இன்னும் நாடகம் நடக்கிறது. சிம்லாவில் பழுதுபார்த்து 2009-ல் மறுபடி திறந்தார்கள். துரைமார் பொழுதுபோக்கக் கட்டியது அங்கே பத்திரமாய் இருக்கு. ஸ்டூடியோவை அடகு வைத்த மனுஷன் கட்டியதை நாம 2000-களில் இடிச்சாச்சு. அதான் வலிக்குது.

"என்ன படம்ப்பா பாத்தீங்க அங்க?" என்று கேட்டேன்.

"படமா ஞாபகம் இருக்கு? காலேஜ் கட் அடிச்சதுதான் ஞாபகம் இருக்கு" என்றார். சிரிப்பு அடங்கியதும், கேட் எந்தப் பக்கம் இருந்தது என்று ரொம்ப நேரம் யோசித்துக் கொண்டிருந்தார். கடைசி வரை பிடிபடவில்லை.